இன்னொருக்கா வாங்குங்க, அக்கா

பகிடி எழுதிச் சோறு தின்றவன் நான். உறவினர்கள் இதை இன்னும் நம்புவதில்லை. வேலையை விட்டு இரண்டு வருடமான பிறகும் "அது சரி, நீங்க உத்தியோகம் என்ன பாத்தீங்க?" என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு வருடம் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்தினேன். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் 'பத்தரைச் செய்தி'க்கு எழுதினேன். உங்களில் பலர் பாடசாலைச் சீருடையைக் கழற்றாமலே அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். இப்போது நீங்களும் போனைத் தூக்கிக்கொண்டு அரசியல்வாதிகளையும் செய்திக்காரரையும் பகிடி பண்ணப் புறப்பட்டிருக்கிறீர்கள். எனக்குச் சந்தோசம்தான்.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்திருந்தபோது ஒரு தங்கச்சி எழும்பி, "நீங்க செய்ததில ஆகப் பெரிய வெற்றி எது?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். எல்லோரும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு உண்மையான பதிலை எழுதுகிறேன். சிரிப்பதற்கு இதில் அதிகம் இல்லை.

தெரியாதவர்களுக்காக எங்கள் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இரவு பத்தரைக்கு, உண்மைச் செய்தி முடிந்த கையோடு, உள்ளூர்க் கேபிளிலும் இணையத்திலும் எங்கள் நிகழ்ச்சி போகும். பேர்தான் இரவு நிகழ்ச்சி. பதிவு செய்வது பகல் மூன்று மணிக்கு. மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த மாடி அறைதான் கலையகம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி இரவாக்குவோம். வாவிக் காற்று அடித்துத் துணி விலகினால் நௌபரின் முகத்தில் பாதி பகலாகிவிடும்.

நௌபர்தான் திரையில் வருகிறவர். ஏறாவூர்க்காரர். காலையில் போன் திருத்தும் கடையில் இருப்பார், பகலுக்குப் பிறகு கோட்டு மாட்டிக்கொண்டு எங்களிடம் வருவார். ஓர் அமைச்சர் கும்பிடுவதை அவர் செய்து காட்டினால் அந்த அமைச்சரின் மனைவியே எழும்பி நிற்பார். அவ்வளவு சுத்தம். நான் எழுதுவேன், அவர் பேசுவார். எடுத்ததை வெட்டித் தொகுப்பது ஜெனி. கல்லடிப் பிள்ளை. நௌபரை நானா என்றும் என்னை அண்ணன் என்றும் கூப்பிடுவாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. மொத்த நிறுவனமும் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கறுப்புத் துணியும்தான். சிரிப்பதற்குப் பக்கத்து ரியூசன் வகுப்பு முடிந்து வருகிற பிள்ளைகள் பதினைந்து பேரை வாங்கில் இருத்துவோம். தேநீரும் பணிசும் கொடுத்தால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

அரசியல்வாதிகளை விடச் செய்திகள்தான் எங்களுக்கு நல்ல தீனி. ஒரு தரம் ஏதோ ஒரு கிராமத்தில் கிணறு திறந்தார்கள். நான்கு பேர் ஒரே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் முதல் பக்கத்தில் வந்தது. 'மக்களின் தாகம் தீர்ந்தது' என்று தலைப்பு. கிணற்றில் இன்னும் தண்ணீர் ஊறவில்லை என்ற விசயம் செய்தியின் கடைசி வரியில் கிடந்தது. நௌபர் அந்தக் கிழமை முழுவதும் ஒரு வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டே செய்தி வாசித்தார். ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக ஓர் ஆள் வந்து வாளியில் கை வைப்பார். சனம் ரசித்தது. வாளியைப் பிடித்த நான்கு பேரையும் தவிர வேறு யாருக்கும் நோகவில்லை. இதில் நாங்கள் கெட்டிக்காரர், எங்கே அடிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு வந்தது. அந்த எண்ணம் வருகிற நாளில் கவனமாக இருங்கள்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் வெள்ளம் வந்தது. பனிச்சங்கேணியில் ஒரு மீனவர், கட்டின வலையை வெள்ளம் அள்ளப்போகிறது என்று பயந்து தோணியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் ஆளை எடுத்தார்கள். மனைவிக்கு நாற்பது வயதிருக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள். அந்த மனைவியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவருக்கு நாங்கள் செய்தது போதும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு கழிந்த கையோடு ஓர் அரசியல்வாதி அந்த வீட்டுக்குத் தையல் மெசின் கொடுக்கப் போனார். அதை எடுத்த கமராவில் இருந்த முழுப் பதிவும், வெட்டப்படாமல், எங்கள் கைக்கு வந்தது. யார் தந்தது என்று கேட்காதீர்கள், இப்போதும் சொல்ல மாட்டேன். அதில் என்ன இருந்தது என்றால், அந்தப் பெண் மெசினை மூன்று தரம் வாங்குகிறார். முதல் தரம் அரசியல்வாதியின் சொந்தக் கமராவுக்கு. இரண்டாம் தரம் தொலைக்காட்சிக்கு. மூன்றாம் தரம், பிந்தி வந்த ஒரு செய்தித் தளத்துக்கு. ஒவ்வொரு தரமும் செய்தியாளரின் குரல் கேட்கும்: "இன்னொருக்கா வாங்குங்க, அக்கா. கொஞ்சம் சிரிச்ச மாதிரி." மூன்றாவது தரம் அவர் சொன்னபடி சிரிக்கிறார். அழுது வீங்கிய கண்ணோடு, வாய் மட்டும் சிரிக்கிறது. பிறகு இரண்டு பேர் வந்து மெசினைத் தூக்கி வான் வண்டியில் ஏற்றுகிறார்கள். அடுத்த வீட்டிலும் கொடுத்துப் படம் எடுக்க வேண்டும், இருந்ததோ ஒரே மெசின். "உங்கட மெசின் பொறகு வரும் அக்கா" என்று ஒரு குரல் சொல்கிறது. அன்று இரவுச் செய்தியில் 'வாழ்வாதார உதவி வழங்கிவைப்பு' என்று போனது.

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்குக் கை துறுதுறுத்தது. நௌபர் செய்தியாளராகவும் நடித்தார், அரசியல்வாதியாகவும் நடித்தார். சேலை கட்டி அந்தப் பெண்ணாகவும் வரலாமே என்று நான் கேட்டதற்கு மட்டும் மறுத்துவிட்டார். "மவுத்தான வீடு அண்ணன். அவவ நான் நடிக்க ஏலா." சாவு விழுந்த வீடு என்று அவர் சொன்னதை நான் மதித்தேன். அந்தப் பெண்ணை நடிப்பதற்குப் பதிலாக அவருடைய உண்மையான முகத்தையே போட்டோம். நௌபர், "இன்னொருக்கா வாங்குங்க, அக்கா" என்பார். உடனே பக்கத்துத் திரையில் அந்த முகம் வரும். மறுபடியும் சொல்வார், மறுபடியும் முகம். மூன்றாவது தரம் அந்தச் சிரிப்பு. நடிக்காமல் விட்டதால் நாங்கள் மரியாதையாக நடந்துகொண்டோம் என்று உண்மையாகவே நம்பினேன்.

ஜெனி மட்டும் தொகுக்கிற கணினிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"அண்ணன், அந்த மனிசிட முகத்த மறைப்பமா?"

"மறைச்சா என்ன மிச்சம்? அந்த முகத்திலதானே முழு விசயமும் கிடக்கு."

"அதுக்குத்தான் கேக்கிறன். புள்ளையள் எந்த இடத்தில சிரிச்சதுகள் எண்டு பாருங்க. நௌபர் நானா கதைக்கக்குள்ள சிரிக்கல்ல. அவட முகம் வரக்குள்ளதான் சிரிச்சிருக்குதுகள்."

அவள் ஓட்டிக் காட்டினாள். அவள் சொன்னது சரி. ஆனால் ஐந்து மணிக்கு மின்சாரம் போகும் என்று அறிவித்திருந்தார்கள், அதற்குள் அனுப்ப வேண்டும். "நேரம் இல்ல. அது தவறிச் சிரிச்சதுகள். சனத்துக்கு விளங்கும். நீ அனுப்பு" என்றேன். அவள் அனுப்பினாள். நேரம் இல்லை என்று நான் சொன்னது பொய். முகத்தை மறைக்க ஐந்து நிமிடம் போதும். அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டே நாளில் மட்டக்களப்பு முழுக்க அதே பேச்சு. பஸ்ஸில் நடத்துநர் ரிக்கற்றை நீட்டி, "இன்னொருக்கா வாங்குங்க, அக்கா" என்றார். கலியாண வீடுகளில் பரிசு கொடுக்கிறவர்களை நிற்பாட்டிப் படப்பிடிப்பாளர்கள் பொம்பிளையைப் பார்த்து அதையே சொன்னார்கள். மாப்பிள்ளை பொம்பிளை உட்படச் சபையே சிரித்தது. கல்லடியில் ஒரு கலியாணத்தில் அதைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவரிடம், "அது நான் எழுதினது" என்று சொன்னேன். உண்மையில் அது நான் எழுதினதுகூட இல்லை. யாரோ ஒரு செய்தியாளர் யோசிக்காமல் சொன்ன வசனம். அதற்கும் உரிமை கொண்டாடினேன்.

மூன்றாம் நாள் அரசியல்வாதியின் ஆள் போன் எடுத்தார். காணொளியை நீக்கச் சொன்னார். நான் மறுத்தேன். பிறகு சட்டத்தரணியின் கடிதம் வந்தது. நௌபர் அந்தக் கடிதத்தையே நிகழ்ச்சியில் வாசித்து, "இன்னொருக்கா அனுப்புங்க, ஐயா" என்றார். அடுத்த கிழமை ஒரு பொழுதுபட்ட நேரத்தில், கமரா எதுவும் இல்லாமல், அந்த வீட்டில் ஒரு தையல் மெசினை இறக்கிவிட்டுப் போனார்களாம். கேள்விப்பட்டதும் நாங்கள் மூவரும் கைதட்டினோம். ஜெனியும்தான் தட்டினாள். எழுத்தால் ஒரு பெண்ணுக்கு நீதி வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று அன்று நான் மனைவியிடம் சொன்னேன். அந்தத் தங்கச்சி கேட்ட ஆகப் பெரிய வெற்றி இதுதான்.

மூன்று மாதம் கழிந்து ஒரு பின்னேரம் முப்பது வயதுக்காரர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் மேசைகளுக்குப் பரிமாறுகிற வேலை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அந்தப் பெண்ணின் தம்பி என்று தன்னை அறிமுகப்படுத்தினார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை.

"நல்ல பகிடி அண்ணன். நானும் சிரிச்சன். ஹோட்டல் குசினியில எல்லாரும் சேந்துதான் பாத்தம். பொறகுதான் கண்டன், அது எங்கட அக்கா."

அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அக்கா கடைக்குப் போவதில்லை. சீனி வாங்கப் போனால் கடைக்காரர், "இன்னொருக்கா வாங்குங்க, அக்கா" என்கிறார். தைக்கத் துணி கொண்டு வருகிற ஒன்றிரண்டு பேரும் வாசலில் நின்று அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் மெசினைச் சேலையால் மூடி வைத்திருக்கிறார்.

"அவங்களும் குத்தமாச் சொல்லல்ல அண்ணன். எல்லாருக்கும் வாயில வந்திட்டு. என்ன செய்யிற?"

மகளுக்குப் பாடசாலைப் பரிசளிப்பில் தமிழ்ப் பாடத்துக்கு முதற் பரிசு கிடைத்திருக்கிறது. மேடையில் ஏறிப் புத்தகத்தைக் கையில் வாங்கும்போது பின்வரிசையில் யாரோ அந்த வசனத்தைச் சொல்ல, மண்டபமே சேர்ந்து சொல்லியிருக்கிறது. பிள்ளை புத்தகத்தை மேசையில் திருப்பி வைத்துவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு பாடசாலைப் பக்கம் போகவில்லை.

"அந்த வீடியோவ எடுத்துவிடுங்க அண்ணன். வேற ஒண்டும் வேணாம். கண்ணுல படாட்டிச் சனம் மறந்திரும். புள்ள திரும்பப் பள்ளிக்குப் போவா."

ஒரே வரியில் கேட்டார். நான் அரை மணித்தியாலம் பதில் சொன்னேன். அரசியல்வாதி மிரட்டியும் நாங்கள் நீக்காததைச் சொன்னேன். இப்போது நீக்கினால் பயந்துவிட்டோம் என்று ஊர் பேசும், நாளைக்கு வேறு யாரும் துணிந்து வாய் திறக்க மாட்டார்கள் என்றேன். ஊடக சுதந்திரம் என்ற சொல்லைக்கூட இரண்டு மூன்று தரம் பாவித்தேன் என்று நினைக்கிறேன். நான் முடிக்கும் வரைக்கும் அவர் நின்றபடியே கேட்டார். வேலையில் அப்படி நின்று பழகியவர். கடைசியில், "சரி அண்ணன், யோசிச்சுப் பாருங்க" என்று போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் படி இறங்கினார். அவர் போன பிறகு நௌபர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

யோசித்தேன். யோசித்து நான் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். காணொளியும் இருக்கட்டும், அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்போம். அவருடைய வீட்டுக்கே போய், நௌபர் நேரில் மன்னிப்புக் கேட்பதைப் படம் பிடித்து, 'பத்தரைச் செய்தி'யில் போடுவோம். சனம் பார்த்தால் வெட்கப்பட்டு அந்த வசனத்தை நிற்பாட்டிவிடும். எங்கள் பேரும் கெடாது. எனக்கு அது நியாயமான வழியாகவே பட்டது. நௌபரும் சரி என்றார்.

ஜெனி வரமாட்டேன் என்றாள். "கமரா வேணாம் அண்ணன். நீங்க ரெண்டு பேரும் சும்மா போய்த்து வாங்க." படம் இல்லாமல் எப்படிச் சனத்துக்குத் தெரியும் என்று நான் கேட்டேன். "சனத்துக்கா மன்னிப்பு?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கமராவை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடக்கும்போதே கச்சான் காற்று பலமாக இருந்தது. அந்தப் பெண் எங்களை எதிர்பார்த்து முற்றத்தைக் கூட்டி வைத்திருந்தார். தம்பி சொல்லியிருந்தார் போலும். அடுத்த வீட்டில் இரண்டு கதிரை வாங்கிப் போட்டிருந்தார். தேநீர் தந்தார். உள்ளே மூலையில் சேலையால் மூடிய மெசின் தெரிந்தது. அதன் பக்கத்து ஆணியில் ஒரு பாடசாலைப் பை தொங்கியது. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றாள். வெளிச்சம் நன்றாக விழும் என்று நான் தாயை வாசலுக்கு வெளியே, மாமர நிழல் விழாத இடத்தில் இருத்தினேன். சொன்ன இடத்தில் மறுபேச்சில்லாமல் இருந்தார்.

நௌபர் எழுதிக் கொண்டுபோன எதையும் பேசவில்லை. அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை என்று நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

"அக்கா, நாங்க உங்களப் பாத்துச் சிரிக்க எண்டு செய்யல்ல. ஆனா ஊரெல்லாம் உங்களப் பாத்துச் சிரிக்கிற மாதிரி ஆக்கிட்டம். அந்தப் புள்ளையும் படிப்ப விட்டிருக்கு. எங்கள மன்னிச்சிக்கோங்க அக்கா."

அந்தப் பெண் மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் நிறைந்தது. "பரவாயில்ல தம்பி. தேடி வந்தீங்களே, அது காணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அள்ளி அடித்தது. நான் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் இரைச்சல் மட்டும்தான் விழுந்தது, அவருடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை. பல வருடம் இந்த வேலையில் இருந்தவனுக்கு வாய் தன்பாட்டில் பேசும்.

"அக்கா, காத்துச் சத்தம் விழுந்திட்டு. இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து இருந்தார். கமராவைப் பார்த்துக் கேட்டார்:

"எங்கெருந்து சொல்ல வேணும் அண்ணன்?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பதிவு தொடர்ச்சியாக இருக்க வேண்டுமே என்று நௌபருக்குக் கையைக் காட்டினேன். நௌபருக்கும் உறைக்கவில்லை. 'அக்கா, நாங்க உங்களப் பாத்து' என்று முதலில் இருந்து தொடங்கினார். அதே இடத்தில் குரல் தழுதழுத்தது. அந்தப் பெண் அதே இடத்தில் கையைப் பார்த்தார், அதே வார்த்தைகளைச் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. இந்த முறை காற்று இல்லை. சத்தம் சுத்தமாக விழுந்தது.

கதவடியில் நின்ற மகள் அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தாள்.

"மூண்டாந்தரமும் எடுப்பீங்களா?"

"சும்மா இரு புள்ள" என்று தாய் அதட்டினார். மகள் உள்ளே போய்விட்டாள். நான் கமராவை நிற்பாட்டினேன். நௌபர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அந்தப் பெண், தான்தான் ஏதோ பிழையாகச் செய்துவிட்டதாக நினைத்தார் போலும்.

"வடிவா வந்திச்சா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, வந்திட்டு" என்றேன். ஆறிப்போன தேநீரைக் குடித்தோம். போயிட்டு வாறம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினோம்.

பாலத்தடியில் நௌபர் வண்டியை நிற்பாட்டச் சொன்னார். இறங்கி வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன், கமராவ நிப்பாட்டினத்துக்குப் பொறகு நாம அவட்ட மன்னிப்புக் கேட்டமா?"

நினைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. இரண்டு தரம் கேட்டது இரண்டும் கமராவுக்கு. அந்தப் பெண்ணிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

"கிறுகிப் போவமா?" என்றார்.

அப்போது திரும்பியிருக்கலாம். வீடு கால் மணித்தியாலத் தூரம்கூட இல்லை. எனக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. "இப்ப போனா அவங்களுக்குத்தான் கரைச்சல். இன்னொரு நாளைக்கு வருவம்" என்றேன். அவர் வண்டியில் ஏறினார். என் வேலைக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது இதுதான்.

மாடிக்கு வந்ததும் எடுத்ததை ஜெனியிடம் கொடுத்தேன். அவள் ஒரு தரம் பார்த்தாள். அதை அழித்தாள். பிறகு இணையத்தில் இருந்த பழைய காணொளியையும் நீக்கினாள். தம்பி மூன்று கிழமைக்கு முன்னே ஒரே வரியில் கேட்டது அவ்வளவுதான். அவள் அதைச் செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

நான் பயந்தபடியேதான் நடந்தது. விலைபோய்விட்டார்கள் என்றார்கள். அரசியல்வாதியின் ஆட்கள் வெடி கொளுத்தாத குறை. எங்களை நம்பி இருந்தவர்கள் நௌபரின் கடைக்கே வந்து முகத்துக்கு நேரே ஏசினார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் தப்பியிருப்போம். ஆனால் சொல்வதென்றால் மறுபடியும் அந்தப் பெண்ணைத்தான் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தோம் என்று சில நாள் என்னைத் தேற்றிக்கொள்வேன். நௌபருக்குப் பழைய கலகலப்பு வரவில்லை. யாரைச் செய்து காட்டினாலும் பாதியில் நிற்பாட்டி, "இது ஆரப் போய்ப் படும் அண்ணன்?" என்று கேட்கத் தொடங்கினார். அப்படிக் கேட்டுக்கேட்டு ஒரு நாள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். 'பத்தரைச் செய்தி' ஏன் நின்றது என்று நீங்கள் வகுப்பில் கேட்டீர்கள், மிரட்டலாலா என்று. மிரட்டலால் இல்லை.

நாங்கள் நீக்கினாலும் மற்றவர்களின் போன்களில் அது கிடந்தது. அந்த வசனம் இன்றும் கிடக்கிறது. உங்கள் வகுப்பில் எனக்கு நினைவுப் பரிசு தந்தபோது படம் எடுத்த தம்பி என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது எங்கே இருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஆட்சியில் இருக்கிறவனைப் பகிடி பண்ணுங்கள். செய்தியில் பொய் சொல்கிறவனை விடாதீர்கள். அதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வெட்டித் தொகுத்த பிறகு சிரிப்பு எந்த முகத்தின் மேல் விழுகிறது என்று ஓட்டிப் பாருங்கள். உங்களோடு ஒரு ஜெனி இருந்தால் அவள் பேச்சைக் கேளுங்கள். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தால் கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள்.

இவ்வளவையும் உங்களுக்குச் சொல்கிற நான் அந்த இன்னொரு நாளைக்குப் போனேனா என்று கேட்பீர்கள். போனேன். நிகழ்ச்சி நின்று, வேலையெல்லாம் முடிந்த பிறகு. ஒன்றரை வருடம் பிந்தி. பஸ்ஸில் போய் இறங்கித் தனியே நடந்தேன். வளவுக்குள் நுழையும் கடப்பில் முள்ளுக் கொப்புகள் இழுத்துப் போட்டிருந்தன. முற்றம் முழுக்க மாஞ்சருகு. கதவில் பூட்டு. நான் நின்று பார்ப்பதைக் கண்டு அடுத்த வளவில் இருந்து ஒரு பெண் வேலியடிக்கு வந்தார்.

"அவங்க இல்ல. தம்பியோட போய்த்தாங்க."

"பாசிக்குடாவுக்கா?"

"எங்க எண்டு ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் எண்டிருக்கா."

தம்பி எழுதித் தந்த நம்பருக்கு முன்னமே பல தரம் எடுத்துப் பார்த்திருந்தேன். அது வேலை செய்யவில்லை. பிள்ளை பாடசாலைக்குப் போகிறாளா என்று கேட்டேன். தெரியாது என்றார். மெசினைக் கொண்டு போனார்களா என்று கேட்டேன். இல்லை, உள்ளேதான் கிடக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க அந்த டீவிக்காரர் எல்லுவா? அண்டைக்குக் கதிரை தந்தது நான்தான்." என் இரண்டு கையையும் பார்த்தார். தோளைப் பார்த்தார். "கமரா எங்க?"

"கொண்டுவரல்ல" என்றேன்.

"பொறகு என்னத்துக்கு வந்தீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர் அந்த வீட்டில் இல்லை.